ஆகாயம் பார்க்க இரண்டணா

சென்ற வாரம் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். ரெவின்யூ இலாகாவில் சேர்ந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகாதவர். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், ஏரோப்ளேன் வித்தை காட்டற நிகழ்ச்சி ஒண்ணு நடத்தப் போறாங்களாம். ஜனங்களுக்கு டிக்கெட் போடலாமா, சும்மா விடலாமான்னு ஒரு குறிப்பு எழுதிக் குடுன்னு சொல்லியிருக்காங்க. நீங்க என்ன சார் நினைக்கறீங்க?" என்றார். காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். பாவம், கிழவருக்கு மறதி என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார். மறதி இல்லை. அந்தக் கேள்விக்கு நான் ஏற்கெனவே ஒருமுறை குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான். எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதன் பலனை முப்பது வருடமாக அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனால், பந்தியைப் பார்க்கும் முன் வாசல் எத்தனை என்றுதான் பார்ப்பேன். வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

உங்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். உத்தரவு எழுதும் முறை, படிவம், பதிவேடு எல்லாம் உங்களுக்கு ஆபீஸில் சொல்லிக் கொடுப்பார்கள். இதைச் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். முப்பதுகளின் கடைசி. தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. நான் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. பாலக்கோட்டுப் பக்கம் ஒரு தரிசு நிலத்தில் ஒரு கம்பெனி விமானம் வந்து இறங்கியது. ஏறிச் சுற்றி வருவதற்குத்தான் காசு. வேடிக்கை பார்க்க ஒன்றும் இல்லை. தட்டியும் இல்லை, கயிறும் இல்லை. விமானம் நின்றதோ இல்லையோ, ஊரே ஓடிப் போய் அதைச் சூழ்ந்துகொண்டது. சக்கரத்தில் தேங்காய் உடைத்தார்கள். முன்னால் சுழலும் விசிறிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். யாரோ ஒருவர் இறக்கை தகரமா துணியா என்று விரலால் அழுத்திப் பார்த்தார். துணிதான், விரல் உள்ளே போய்விட்டது. அவ்வளவுதான், அடுத்தவருக்கும் பார்க்க வேண்டும், அதற்கடுத்தவருக்கும் பார்க்க வேண்டும். அரை மணியில் இறக்கை சல்லடையாகிவிட்டது. ஓட்டி வந்த மனிதர் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்தவர், பசையும் துணியும் வைத்து ஒட்டி முடித்துக் கிளம்ப மூன்று நாள் ஆயிற்று.

நாங்கள் ஆபீஸில் வாரக்கணக்கில் இதைச் சொல்லிச் சிரித்தோம். சிரித்ததோடு நான் ஒரு பாடமும் எடுத்துக்கொண்டேன். இலவசமாகப் பார்ப்பவனுக்குப் பொறுப்பு இருக்காது, இரண்டணா கொடுத்தவன் ஒழுங்காக உட்காருவான் என்று. தப்பான பாடம். ஆனால் பார்க்க மிகவும் சரியான பாடம் மாதிரி இருந்தது. இந்த வேலையில் அந்த மாதிரிப் பாடங்களுக்குத்தான் நீங்கள் அதிகம் பயப்பட வேண்டும்.

பிறகு சண்டை வந்தது. அதற்குள் நான் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆகியிருந்தேன். யுத்த நிதிக்குப் பணம் சேர்க்க வேண்டும் என்று மேலேயிருந்து நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சாக்கில் ஒரு விமானக் காட்சி தருமபுரிக்கு வருவதாகத் தாக்கல் வந்தது. ஒரு சின்ன விமானம், ஓட்டுபவர் ஒருவர், பெங்களூரிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர். இறங்க இடம் பார்ப்பது, பந்தல், கூட்டம் எல்லாம் எங்கள் தலையில்.

எங்கள் தாசில்தார் அதிகம் பேசாதவர். கோபித்துக்கொள்ளவும் மாட்டார். அதனாலேயே அவரிடம் எல்லாருக்கும் பயம். என்னைக் கூப்பிட்டு, "டிக்கெட் போடலாமா கூடாதா? ஒரு பக்கம் எழுதிக் கொண்டாங்க" என்றார்.

நான் சவடாலாக எழுதினேன். பாலக்கோட்டுச் சல்லடை இறக்கையைச் சொன்னேன். நாடகக் கொட்டகையைச் சொன்னேன். நம் பக்கத்தில் நாடகக் கம்பெனி வந்தால் நாலு பக்கமும் ஓலைத் தட்டி கட்டி மறைத்துவிடுவார்கள். தட்டிக்கு வெளியே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது, கொஞ்ச நேரம் பாட்டைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். அதே மாதிரி செய்துவிடலாம், ஆளுக்கு இரண்டணா என்று எழுதினேன். தாசில்தார் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டிக்கெட் வாங்காதவங்க எங்க நிப்பாங்க?"

"வூட்டுக்குப் போயிருவாங்க சார்" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அந்தப் பார்வையை நான் மறந்ததில்லை. அப்போது அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். நல்லம்பள்ளி போகும் வழியில் ஒரு ஏரி. கோடையில் பொட்டலாக வற்றிக் கிடக்கும். வடக்கு தெற்காக நீண்ட ஏரி. கிழக்கே உயரமான கரை. கரையின் அடிவாரத்தில், ஏரிக்கு உள்பக்கம், டிக்கெட் வாங்கியவர்களுக்குத் தட்டி கட்டிய அடைப்பு. கரை மேல் பந்தல் போட்டுத் துரைமார்களுக்கு நாற்காலி. மேற்கே ரோடு, அந்தப் பக்கம் முழுவதும் தட்டி. வடக்கேயும் தட்டி, அங்கேதான் வாசல். தெற்கே மட்டும் தட்டி இல்லை. அங்கே முள்ளுக்காடு, அதைத் தாண்டிப் புன்செய்க் கொல்லைகள். யார் போகப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். விமானம் வடக்கேயிருந்து வந்து தெற்கு நோக்கி இறங்கும், பாதி ஏரியிலேயே நின்றுவிடும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். ஆனாலும் இரண்டு முனையும் காலியாக இருக்க வேண்டும் என்றார். தெற்கு முனையில் இரண்டு தலையாரிகளை நிறுத்தினேன். என் மட்டில் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றைக்குக் காலையிலிருந்தே ஜனம். ஏரியூர்ப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். மத்தியானத்துக்குள் வாசலில் நெருக்கடி. டிக்கெட் வாங்க வந்தவர்களைவிட வாங்க முடியாதவர்கள் அதிகம். அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. போவார்கள் என்று எழுதிக் கொடுத்தவன் நான் ஒருவன்தான்.

அவர்களில் ஒருவரை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மலைக்காரர். புளி விற்கச் சந்தைக்கு வந்தவர். கூட அவர் சம்சாரம், தம்பி குடும்பம் என்று மொத்தம் ஏழு பேர். பெயர் சடையன் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

"உள்ள போவறதுக்கு என்னங்க சாமி?" என்றார்.

"ஆளுக்கு ரெண்டணாப்பா."

அவர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். "ஏரோப்ளேனு மேலதானுங்களே போவுது?"

டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "மேல பாக்கறதுக்கு இல்லப்பா காசு, கீழ நிக்கறதுக்கு" என்றேன். சொல்லிவிட்டுப் பெரிய மனது பண்ணி, "அப்பிடியே சுத்திக்கிட்டு தெக்கால போ. அங்க தட்டி இல்ல. நல்லாத் தெரியும்" என்று கை காட்டினேன்.

கவனியுங்கள். அவர்களை அங்கே அனுப்பியது நான். அவர் கும்பிடு போட்டுவிட்டு ஏழு பேரையும் அழைத்துக்கொண்டு போனார். பின்னால் நின்றவர்கள் அதைக் கேட்டார்கள். அவர்களும் போனார்கள். வாசலில் நெருக்கடி குறைந்தது என்று எனக்கு நிம்மதி. கொஞ்ச நேரத்தில் வேறு கூட்டம் வந்து தட்டியைத் தள்ள ஆரம்பித்தது. தெற்கே நின்ற தலையாரிகள் இரண்டு பேரையும் வாசலுக்குக் கூப்பிட்டுக்கொண்டேன். அப்போது அது எனக்கு ஒரு தப்பாகவே படவில்லை. டிக்கெட் என்று ஒன்று வந்துவிட்டால் இருக்கிற ஆட்கள் எல்லாரும் டிக்கெட்டைத்தான் காவல் காப்பார்கள்.

மூன்று மணிக்கு, ஏரியின் வடக்கு ஓரத்தில் நின்றிருந்த விமானம் கிளம்பியது. தெற்கு நோக்கி ஓடி, தெற்கு முனையில் நின்றவர்களின் தலைக்கு மேலாக எழும்பிப் போயிற்று. அவர்கள் போட்ட கூச்சல் கரை வரை கேட்டது. காசு கொடுத்தவர்கள் பக்கவாட்டில் பார்த்தார்கள், காசு கொடுக்காதவர்களுக்கு உச்சந்தலைக்கு மேல் காட்சி. இந்தச் சேதி பரவ எவ்வளவு நேரமாகும்? மேற்கே தட்டி இடுக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஜனம் முழுவதும் முள்ளைச் சுற்றிக்கொண்டு தெற்கே போயிற்று. நான் வாசலில் நின்று குட்டிக்கரணம் அடிக்கும் விமானத்தை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வத்தல்மலைப் பக்கம் வானம் கறுத்தது. ஒரு புழுதிக் காற்று முகத்தில் அடித்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும்போது மெக்கானிக் ஓடி வந்தார். காற்றுப் பார்ப்பதற்காக ஒரு மூங்கிலில் வெள்ளைத் துணி கட்டி வைத்திருந்தார்கள். அதைக் காட்டினார்.

"சார், அல்லி நோடி, துணி திரும்பிருச்சு. இனிமே தெற்காலருந்துதான் இறங்கணும்."

"வடக்காலருந்து வந்தா என்ன?"

"பின்காத்து சார். தள்ளிக்கிட்டே போவும், நிக்காது. நேரா தெக்குக் கூட்டத்துக்குள்ள போயிரும். தெற்காலருந்து வந்தா அவுங்க தலையை ஒரசிக்கிட்டு வரும். எப்பிடிப் பாத்தாலும் அங்க ஆள் இருக்கக் கூடாது."

"இன்னும் எவ்வளவு நேரம் மேல சுத்த முடியும்?"

"கால் மணி இருந்தா ஜாஸ்தி. வித்தை காட்டறதுக்குப் பாரம் ஆவாதுன்னு எண்ணெய் கம்மியாத்தான் ஊத்தினோம்."

நான் தெற்கே பார்த்தேன். அப்போதுதான் உண்மையில் பார்த்தேன். முள்ளுக்காட்டின் ஓரத்தில் நிற்பார்கள் என்று நினைத்த ஜனம் ஏரிக்குள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. பெண்கள், கைக்குழந்தைகள், கட்டுச்சோற்று மூட்டைகள். விமானத்தின் சக்கரம் எங்கே தரையைத் தொட வேண்டுமோ அங்கே ஒரு ஊர் உட்கார்ந்திருந்தது. அங்கே போகச் சொன்னவன் நான்.

பக்கத்தில் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ் ஏட்டையா நின்றார். "ரெண்டு சாத்து சாத்துனா கலைஞ்சிருவாங்க சார்" என்று லத்தியை எடுத்தார்.

"எந்தப் பக்கம் கலைவாங்க?" என்றேன்.

அவர் பார்த்தார். பின்னால் முள். மேற்கே தட்டி. கிழக்கே அடைப்பின் தட்டி. திறந்து கிடந்தது ஏரியின் நடுமைதானம் ஒன்றுதான். அடித்தால் அங்கேதான் ஓடுவார்கள், விமானத்துக்கு அடியில். ஏட்டையா லத்தியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அவர்கள் போகக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அடைப்புக்குள். அதன் தெற்குத் தட்டியைப் பிரித்துவிட்டால் கூப்பிடு தூரம். ஆனால் அதைத் திறக்க எனக்கு அதிகாரம் இல்லை. தாசில்தார் கரை மேல் துரைமார்களோடு இருந்தார். ஏறிப் போய், சலாம் வைத்து, அவர் திரும்பும்வரை காத்து, சொல்லி, அவர் அவர்களிடம் சொல்லி, உத்தரவு வாங்கி இறங்கக் கால் மணி போய்விடும். நான் போகவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள். உத்தரவு வாங்காமல் செய்வதில் இருந்த பயத்தைவிட அந்தக் குழந்தைகளைப் பார்த்த பயம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

ஏட்டையாவோடு அடைப்பின் தெற்குத் தட்டிக்கு ஓடி, "ஏட்டையா, தட்டியப் பிரிங்க" என்றேன். நானும் ஒரு பக்கம் இழுத்தேன். உள்ளே பாலக்கோட்டு வெல்ல வியாபாரி ஒருவர் தன் குடும்பம், கணக்குப்பிள்ளை எல்லாரோடும் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார். சட்டென்று எழுந்துவிட்டார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க? நாங்க துட்டு குடுத்து வந்திருக்கறமுங்க."

"கொஞ்சம் நெருங்கி உக்காருங்க. ஆளுங்க உள்ள வரணும்."

"சும்மாவா? அப்பறம் நாளைக்கி எவன் துட்டு குடுப்பான்?"

நியாயமான கேள்வி. "நாளைக்கிக் கோவிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, அறிவிப்புச் சொல்ல வைத்திருந்த தமுக்கடிப்பவரைக் கூப்பிட்டுக்கொண்டு தெற்கே ஓடினேன்.

தமுக்கு அடித்தது. இனி டிக்கெட் இல்லை, எல்லாரும் இலவசமாக உள்ளே போகலாம், விமானத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று அறிவிப்பு. நான் என்ன எதிர்பார்த்தேன்? எழுந்து ஓடி வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவர்கூட எழவில்லை.

சிலர் சிரித்தார்கள். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "உள்ள உட்டுட்டு தட்டியச் சாத்தி வசூல் பண்றதுக்குத்தானுங்க கூப்புடறீங்க?" அதற்குப் பெரிய சிரிப்பு.

அவர்கள் மேல் தப்பில்லை. அந்த வருடம் யுத்த நிதி, யுத்த நிதி என்று நாங்கள் நுழையாத வீடு இல்லை. கல்யாண வீட்டுக்குப் போய் மொய் எழுதுகிற இடத்திலேயே உட்கார்ந்து வாங்கியிருக்கிறோம். கிஸ்தி கட்ட வந்தவர்களிடம் கையோடு பிடுங்கியிருக்கிறோம். ரெவின்யூக்காரன் இலவசம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? இத்தனை வருடம் வெட்டி வைத்த குழி அன்றைக்கு, அந்தக் கால் மணி நேரத்தில், என் காலடியில் இருந்தது.

மேலே விமானம் தாழ்ந்து ஒரு சுற்று வந்தது. ஜனம் கைதட்டியது. உண்மையைச் சத்தமாகச் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சொன்னால் ஓடுவார்கள். ஓடினால் மைதானத்துக்குள் ஓடுவார்கள். சொல்லாவிட்டால் எழ மாட்டார்கள். அந்த நிமிடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

முன்வரிசையில் அந்த ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சடையன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கதானுங்களே சாமி இங்க நிக்கச் சொன்னீங்க?" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. நான் மறந்துவிட்டேனோ என்று ஞாபகப்படுத்தினார்.

"கொஞ்சம் இப்படி வாங்க" என்றேன். அதுவரை நான் ஒரு மலைக்காரரை வாங்க போங்க என்று பேசியதில்லை. பயத்தில் தானாக வந்தது. அவர் வந்தார். காதோடு சொன்னேன். "காத்து திரும்பிருச்சு. ஏரோப்ளேன் இந்த எடத்துல, இந்தப் பக்கமாத்தான் இறங்கணும். சத்தமாச் சொன்னா எல்லாரும் மைதானத்துல ஓடிருவாங்க. நீங்க உங்க ஆளுங்களக் கூட்டிக்கிட்டு, ஓடாம, சந்தைக்குப் போற மாதிரி நடந்து அந்தச் சந்து வழியா உள்ள போங்க. நீங்க போறதப் பாத்தா மத்தவங்களும் வருவாங்க."

"காசுங்க?"

"ஒரு காசும் வேண்டாம். யாரும் கேக்க மாட்டாங்க. நான் பொறுப்பு."

சந்தையில் தராசு முள்ளைப் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். பிறகு வத்தல்மலைப் பக்கம் திரும்பிக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டார். "காத்து திரும்புனது நெசந்தானுங்க" என்றார். காற்றை நம்பினார், என்னை அல்ல. தன் ஆட்களிடம் போய் ஏதோ சொன்னார். அவர் சம்சாரம் மூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். ஏழு பேரும் எழுந்து, வரிசையாக, நடந்தார்கள். கடவுளே, எவ்வளவு மெதுவாக நடந்தார்கள்! ஓட வேண்டாம் என்று சொன்னவன் நானே, ஓடுங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

பிரித்த தட்டி வழியாக உள்ளே போனார்கள். அங்கே நின்ற ஏட்டையா ஒன்றும் கேட்கவில்லை, ஒதுங்கி வழி விட்டார். ஜனம் அதைப் பார்த்தது. ஒருவரும் அவர்களை நிறுத்தவில்லை, ஒருவரும் மடியைத் தடவவில்லை. நாலு பேர் எழுந்தார்கள். பிறகு ஒரு குடும்பம். பிறகு ஒரு ஊர். ஏரியில் மதகு திறந்த மாதிரி ஜனம் கிழக்கே நகர்ந்தது. நானும் தமுக்குக்காரரும் பின்னாலிருந்து கையைக் கையை ஆட்டிக்கொண்டே வந்தோம். ஒரு அம்மாள் சோற்றுத் தூக்கை விட்டுவிட்டேன் என்று திரும்பினார். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். அப்போது சத்தம் கேட்டது. இருவரும் தரையில் விழுந்தோம். சூடாக ஒரு காற்று முதுகை வாரிக்கொண்டு போயிற்று. தலையைத் தூக்கிப் பார்த்தபோது விமானம் ஏரி நடுவில் குதித்துக் குதித்து ஓடி, வடக்குத் தட்டிக்கு முன்னால் நின்றது.

உள்ளே எல்லாரும் கைதட்டினார்கள். காசு கொடுத்தவர், கொடுக்காதவர் என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. வெல்ல வியாபாரியின் ஜமக்காளத்தில் ஏரியூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் தன் தூக்கைத் தேடிப் போனார். அது தட்டையாக நசுங்கிக் கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன் பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

மறுநாள் தாசில்தார் கூப்பிட்டார். உத்தரவில்லாமல் தட்டியைத் திறந்தது ஏன் என்று மேலேயிருந்து விளக்கம் கேட்டிருந்தார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் மனு கொடுத்திருந்தார்கள். நான் இரவெல்லாம் யோசித்து எழுதி வைத்திருந்த விளக்கத்தை நீட்டினேன். காற்று, எண்ணெய், ஆபத்து, சமயோசிதம் எல்லாம் அதில் இருந்தது. படித்தார்.

"அவங்களத் தெக்கால போகச் சொன்னது யாரு?" என்றார்.

"நான்தான் சார்."

"தலையாரிங்கள எடுத்தது?"

"நான்தான் சார்."

"அதையும் எழுதுங்க" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். வாசல் வரை போனவனை மறுபடி கூப்பிட்டார். "எங்க நிப்பாங்கன்னு கேட்டுட்டு, சரியான பதில் வராமலே கையெழுத்துப் போட்டது நான். அத நான் எழுதிக்கறேன்."

எனக்கு எச்சரிக்கை பதிவாயிற்று. அவருக்கு என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அடுத்த வருடம் மாற்றலாகிப் போனார். உங்கள் விளக்கத்தில் உங்களுக்கு நல்லது செய்கிற வரிகளை மட்டும் எழுதுகிற பழக்கம் வந்தால், அந்த நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, கேள்வி கேட்ட தம்பிக்கு இதுதான் என் குறிப்பு. நாற்காலிக்குக் காசு வாங்குங்கள், நிழலுக்கு வாங்குங்கள், ஏறிச் சுற்றி வருவதற்கு வாங்குங்கள். நிற்பதற்கு வாங்காதீர்கள். விமானம் எல்லாருக்கும் மேலேதான் போகிறது, அதை எந்தத் தட்டியும் மறைக்காது. வாங்கியே ஆக வேண்டும் என்று மேலே சொன்னால், மைதானத்தைக் காகிதத்தில் வரைந்து, டிக்கெட் வாங்காதவர்கள் நிற்கும் இடத்தில் முதலில் ஒரு வட்டம் போடுங்கள். பந்தல், வாசல், நாற்காலி எல்லாம் அதற்கப்புறம். நல்ல ஆட்களை அந்த வட்டத்துக்குக் காவல் போடுங்கள். கூட்டம் வராவிட்டாலும் அங்கிருந்து அவர்களை எடுக்காதீர்கள்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நான் பயந்து எழுதுகிற காரணம் இன்னும் வரவில்லை.

காட்சி முடிந்து ஒரு மாதம் இருக்கும். சடையன் ஆபீஸுக்கு வந்தார். மலையிலிருந்து நடந்து இறங்கி, என் பெயர் தெரியாததால், தமுக்குக்காரரைப் பிடித்து அடையாளம் சொல்லித் தேடி வந்திருந்தார். என் மேஜை மேல் ஒரு துணி முடிச்சை வைத்து அவிழ்த்தார்.

"ஏழு பேருக்குங்க சாமி. அன்னிக்கி உள்ள வந்தமில்லீங்களா."

நான் திகைத்துப் போனேன். "காசு வேண்டாம்னு நான்தான் சொன்னேனே. எடுத்துக்கிட்டுப் போங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப கேஸ் போட்டாச்சுங்களா?" என்றார்.

எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். உங்களால்தான் அத்தனை பேர் பிழைத்தார்கள் என்றேன். சர்க்கார் உங்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றேன். சொல்லச் சொல்ல அவருக்குப் பயம் கூடிக்கொண்டே போயிற்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காசு கேட்க மாட்டார்கள் என்று நான் சொன்னதை அவர் அன்றைக்கே நம்பவில்லை. பின்னால் பிடித்துக்கொள்வார்கள் என்று தெரிந்துகொண்டுதான், ஏழு பேரையும் அழைத்துக்கொண்டு முதலில் நடந்திருக்கிறார்.

வேறு வழியில்லாமல் காசை வாங்கிக்கொண்டேன். விற்காமல் மிஞ்சிய டிக்கெட்டுகளில் ஏழு கிழித்து, ஒவ்வொன்றின் பின்னாலும் பணம் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

பல வருடங்கள் போயின. சுதந்திரம் வந்தது. நான் டெபுடி தாசில்தாராக வத்தல்மலைக்கு ஏறிப் போனேன். இந்தத் தடவை நல்ல காரியம், பட்டா கொடுப்பதற்காகப் பெயர்களை விசாரிக்கப் போனேன். ஒரு வீட்டு வாசலில் கேழ்வரகு காய்ந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து சடையன் வந்தார். நரைத்திருந்தார். எனக்கு அடையாளம் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தலை நரைத்துக் கண்ணாடி வந்திருந்தது. கூடவந்த தலையாரியின் டவாலிப் பட்டையை மட்டும் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு மூங்கில் குழாய். கூரையில் செருகி வைத்திருப்பார் போலிருக்கிறது, புகை ஏறிக் கறுத்திருந்தது. மூடியைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த காகிதங்களை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"நாங்க கட்டிட்டமுங்க சாமி" என்றார்.

வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். ஏழு டிக்கெட். பின்னால் என் கையெழுத்து.